ஓரெழுத்தும் மாற்றாத கட்டுரை

நவம்பர் மாதத்தில் லண்டன் ஸ்ட்ரெதமில் பின்னேரம் என்று ஒன்று இல்லை. மத்தியானச் சோறு செமிக்கும் முன்னரே வெளிச்சம் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். தூறல் விழுகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாது. ஜன்னலைத் தொட்டால் விரல் நனையும். பெருந்தெருவில் பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊரும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஈரச் சப்பாத்துகளோடு கோழிப்பொரியல் கடை வாசலில் முண்டியடித்து நிற்பார்கள். அந்தக் கடைக்குப் பின்னால் இருந்த கவுன்சில் தொடர்மாடியில், கத்தரினுடைய வீட்டில், அந்த நேரத்தில் மாதா சுரூபத்தின் முன்னிருந்த விளக்கு தானாக எரியும்.

யாரும் அதன் அருகில் இருக்கமாட்டார்கள். மெழுகுதிரி நிறத்தில், கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இருந்த சின்ன மின்குமிழ் அது. முதலில் மங்கலாகத் துலங்கும். பிறகு நிறைந்து எரியும். செபமாலையில் பத்து மணிகளை உருட்டி முடிக்கும் நேரம் எரிந்துவிட்டு மெல்ல அணையும்.

அதைச் செய்து வைத்தவர் அவளுடைய கணவர் அருள்நேசன். பொதிகளைப் பிரித்து அடுக்கும் ஒரு வெயார்ஹவுஸில் அவருக்குப் பின்னேர ஷிப்ட். தேநீர் இடைவேளையில் அங்கிருந்து போனில் ஒரு கட்டளை வரியை அனுப்புவார். இங்கே விளக்கு எரியும். கத்தரின் அடுப்பைக் குறைத்துவிட்டு முழந்தாளில் நின்று பத்து மணிகள் சொல்லுவாள். இருவரும் ஒரே நேரத்தில் சொல்வதாக ஓர் ஒப்பந்தம். விளக்கு எவ்வளவு நேரம் எரியவேண்டும் என்பதைக்கூட அவர் அவளை வைத்துத்தான் அளந்தார்.

"நீர் வழமையாச் சொல்லுற மாதிரிச் சொல்லும். நான் நேரம் பாக்கிறன் எண்டு ஓடாதையும்" என்றார் அன்றைக்கு.

செப்டெம்பர் கடைசியில், வேலைக்குப் போகப் பஸ் தரிப்பில் நின்றவர் அப்படியே சரிந்தார். அம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இல்லை. பாதர் வரவில்லை. சாகிறவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை. மனுசன் ஆயத்தம் இல்லாமல் போய்விட்டாரே என்பதுதான் கத்தரினின் நெஞ்சில் தைத்து நின்றது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சொந்தக்காரர் கலைந்தார்கள். நவம்பர் பிறந்தது. முதலாம் தேதி, சகல புனிதர்களின் திருநாளன்று காலையில், அவள் தனியாக உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, விளக்கு எரிந்தது. மறுநாள் இறந்தவர்களை நினைக்கிற சகல ஆன்மாக்களின் நாள். அன்றைக்கு அது விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தது.

நவம்பர், மோட்சம் சேருமுன் வேதனைப்பட்டுச் செபம் கேட்டு நிற்கும் உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதம் என்று, ஊரில் பேசாலைக் கோயிலில் சின்ன வயதிலேயே படித்தவளுக்கு, அதற்குமேல் ஒருவரும் எதையும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

மகள் ஜெனோஜா மருந்துக்கடையில் வேலை செய்பவள். அவள் அப்படி நினைக்கவில்லை.

"அம்மா, இது ஏதோ க்ளிச். வைஃபை விட்டு விட்டு வந்தா இப்பிடி நடக்கும்."

"ஆர் ஏத்தினது எண்டு போனில காட்டும் எண்டு அப்பா சொல்லுறவர். பார்."

ஜெனோஜா பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன காட்டுது?"

"விடுங்கோ அம்மா."

"சொல்லு பிள்ளை."

"அப்பான்ர பேர்தான் காட்டுது."

அருள்நேசனின் போன், ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையோடு அலுமாரிக்குள் இருந்தது. ஜெனோஜா அதை எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது. கையில் ஈரக்கல்லைப் பிடித்தது போல் இருந்தது. அவள் அதைப் பழையபடி பைக்குள் வைத்து, அலுமாரியைப் பூட்டிவிட்டு, ஏன் பூட்டினோம் என்று தெரியாமல் நின்றாள்.

அன்று கத்தரின் நேர்ந்துகொண்டாள். அந்த விளக்கு தானாக எரிவது தானாக நிற்கும்வரை அவருடைய ஆத்துமத்துக்காக ஒருசந்தி பிடிப்பதாக. நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு, அதிலும் பாதி. விளக்கு எரியும் தடவையெல்லாம் பத்து மணிகள். சில நாட்களில் அது எரிந்த எரிப்பில் அவளுக்கு முழந்தாள் வீங்கியது.

கத்தரினுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போடுகிறவள் சாப்பிடாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று மருந்துக்கடைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நடந்தது. கத்தரின் பள்ளிக்கூடக் கன்ரீனில் சமையல் வேலை. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு நின்றவள் தட்டுகளோடு தட்டாக விழுந்தாள். வீட்டில் நிற்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். "இன்னொருக்கா இப்படி விழுந்தால் எழும்பாமலும் போகலாம்" என்று டொக்டர் ஜெனோஜாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

கன்ரீனில் அவளோடு வேலை செய்யும் பிறேமினி, கோயிலிலும் பக்கத்து வாங்கில் இருப்பவள். வாளியில் பாற்கஞ்சியும் ஒரு பெட்டியில் மீன் பொரியலுமாக வந்து இறங்கினாள்.

"அக்கா, உங்களைத் தேடிப்போட்டு வாறன். துடைப்பங்கட்டை எண்டு நினைச்சு வாசல்ல உங்களைத் தாண்டிப் போட்டன். அவ்வளவு மெலிவு."

"பகிடி விடாதையடி."

"பகிடியோ? குடியுங்கோ. சூடு ஆறுது."

"இண்டையச் சாப்பாடு முடிஞ்சுது பிறேமினி."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பாண் துண்டு."

"பாண் துண்டு! எங்கடை கன்ரீன் வாசல்ல நிக்கிற புறா இதைவிடக் கூடச் சாப்பிடும். சீனி வருத்தக்காரருக்கு ஒருசந்தி இல்லை எண்டு பாதர் பூசையில சொன்னவரோ இல்லையோ?"

"ஓம். சொன்னவர்."

"பிறகு?"

"பாதரிட்டை ஆரும் விளக்குப் பத்திக் கேக்கேல்லையே."

பிறேமினி வாளியை மூடி வைத்தாள். மூலையில் நின்ற ஜெனோஜா, "நான் ப்ளக்கைக் கழட்டப் போறன். அதோட எல்லாம் ஃபினிஷ்" என்றாள்.

கத்தரின் திரும்பினாள். அவளுடைய குரல் உயரவில்லை. "கை வையாதை. அந்த மனுசனுக்கு இப்ப இருக்கிற வாய் அது ஒண்டுதான்."

வட லண்டன் எட்மண்டனில் இருந்து சுபாஸ்கரன் வந்தது அதற்கடுத்த சனிக்கிழமை. பிரான்ஸில் பல காலம் இருந்துவிட்டு இங்கே வந்து மின்சாரச் சாமான் திருத்தும் கடை வைத்திருப்பவர். 'செப்புக்கம்பி' என்ற தொழில்நுட்ப இதழுக்கு அவர்தான் ஆசிரியர். மாதம் முதலாம் தேதி இணையத்தில் வரும்; வாசிக்க விலை இல்லை, எழுதச் சம்பளமும் இல்லை. பஸ் ஓட்டுபவர், தாதி, ரொறன்ரோவில் ஒரு பல் வைத்தியர், மட்டக்களப்பில் ஒரு கணக்கு ஆசிரியை என்று, வேலை முடிந்து வந்து எழுதுகிறவர்களே அதை நடத்தினார்கள். அவர்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வீட்டில் தானே செய்து பார்த்ததைத்தான் எழுத வேண்டும். கணினிக்குக் கொடுக்கும் வரிகளைத் திருப்பித் தட்டக் கூடாது. ஒரு புள்ளி தவறினாலும் வேலை செய்யாது. தன் வீட்டில் வேலை செய்த வரியை அப்படியே எடுத்து ஒட்ட வேண்டும். பிறகு இன்னொருவர் அதைத் தன் வீட்டில் செய்து பார்த்த பின்னரே இதழில் வரும்.

அருள்நேசன் வருசக்கணக்காக அதில் எழுதினார். கடைசியாக அனுப்பியது 'தூரத்திலிருந்து விளக்கேற்றல்'. அனுப்பிய கிழமையிலேயே இறந்துபோனார்.

சுபாஸ்கரன் நனைந்த ஜக்கெற்றைக் கழற்றி வாசலில் கொழுவிவிட்டு, பைக்குள் இருந்து ஒரு புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். அச்சில் வராத இதழின் ஒரேயொரு அச்சுப் பிரதி. முகப்பில் அருள்நேசனின் படம்.

"அண்ணையின்ரை கடைசிக் கட்டுரை அக்கா. ஓரெழுத்தும் மாத்தேல்லை. ஒருத்தரும் கை வைக்கேல்லை. அவர் அனுப்பினது அனுப்பின மாதிரியே போடுவம் எண்டு எல்லாருமாத் தீர்மானிச்சனாங்கள்."

கத்தரின் படத்தைப் பெருவிரலால் தடவினாள். "நல்ல மனமப்பா உங்களுக்கு. இரும் தம்பி, தேத்தண்ணி குடியும்."

பிறேமினி கட்லற் பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடுங்கோ அண்ணை. இந்த வீட்டில சாப்பிட ஒரு ஆளைக் கண்டு கன நாள்."

சுபாஸ்கரன் ஒன்றை எடுத்துக் கடித்தார். "ஒண்டு சொல்லக்கூடாது அக்கா. ஆனா அண்ணையின்ரை கட்டுரைக்குத்தான் இந்த மாதம் கடிதம் கூட."

"புகழ்ந்தோ?"

"அதுதான் விளங்கேல்லை. எல்லாரும் ஒண்டைத்தான் எழுதுகினம். சொன்னபடி எல்லாம் செய்தம், விளக்கு எரியேல்லை எண்டு. அண்ணை பிழை விடுற ஆள் இல்லையே..."

அவர் முடிக்கவில்லை. மாதாவுக்கு முன்னால் விளக்கு மங்கலாகத் துலங்கி, நிறைந்து எரிந்தது.

கத்தரின் கோப்பையை வைத்துவிட்டு முழந்தாளிட்டாள். பிறேமினியும் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினாள். ஜெனோஜா சுவரைப் பார்த்தாள். சுபாஸ்கரன் சைவ சமயக்காரர், பாதிக் கட்லற்றோடு எழுந்து நின்றார். தொட்டவர் யார் என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். எவருடைய கையிலும் ஒன்றும் இல்லை. கீழே பஸ் போனது ஜன்னல் கண்ணாடியில் அதிர்ந்தது. பத்து மணிகள் முடிய, விளக்கு யாரோ மூச்சை உள்ளுக்கு இழுத்தது போல் அணைந்தது.

அணைந்து கொஞ்ச நேரத்தில் சுபாஸ்கரனின் சட்டைப்பையில் போன் துடித்தது. எடுத்து வாசித்தார். அவருடைய முகம் மாறிவிட்டதைப் பிறேமினி கண்டாள்.

"என்ன அண்ணை? வீட்டில ஏதும்?"

"இல்லை. இதழுக்குக் கடிதம். கோயம்புத்தூரில இருந்து." மெல்லிய குரலில் வாசித்தார். "'இப்போதுதான் செய்து பார்த்தேன் சார். எரியவில்லை.'"

சுபாஸ்கரன் விளக்கைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"இது எப்ப துடங்கினது பிள்ளை?"

"நவம்பர் ஃபெர்ஸ்ட் அங்கிள்."

"எங்கடை இதழ் வந்த நாள்" என்றார் அவர். கத்தரினின் மடியில் இருந்த புத்தகத்தை மெதுவாக வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது. பிறகு ஜெனோஜாவைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

அங்கே, கழுவாத சட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். கடிதத்தில் விலாசம் இருப்பது போல, விளக்கேற்றும் அந்த வரியிலும் ஒரு விலாசம் இருக்கும். எந்த வீட்டு விளக்கு என்பதை அதுதான் சொல்லும். எழுதுகிறவர் அந்த இடத்தில் 'உங்கள் வீட்டு விலாசம்' என்று போட்டு வைக்க வேண்டும். அருள்நேசன் தன் வீட்டில் ஓடிய வரியை வழக்கப்படி ஒட்டினார். அந்த இடத்தை மாற்ற மறந்துவிட்டார். வேறு நேரமாக இருந்தால் செய்து பார்க்கிறவர் பிடித்திருப்பார். இந்த முறை ஒருவரும் கை வைக்கவில்லை. எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் அந்த வரியை அப்படியே எடுத்து அனுப்ப, அவருடைய விளக்கு எரியாது. இந்த வீட்டு விளக்கு எரியும். அந்த வரிக்குள் அருள்நேசனின் பெயரும் இருந்தபடியால், ஏற்றியவர் என்று அந்தப் பெயரே காட்டும்.

"மரியாதை எண்டு நினைச்சுத்தான் பிள்ளை பாக்காமல் விட்டனாங்கள்" என்றார். "இப்ப அம்மாவுக்குச் சொல்லுறதோ?"

ஜெனோஜா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொன்னா அவ உடைஞ்சு போவா அங்கிள். சொல்லாட்டிச் செத்துப் போவா."

உண்மையை ஒருவருக்குக் கொடுக்கிறபோது கொடுக்கிறவனின் கையும் அதில் இருக்கவேண்டும். சுபாஸ்கரன் கத்தரினின் முன்னால் கதிரையில் இருக்கவில்லை. நிலத்தில் இருந்தார். குசினியில் சொன்னதை மறுபடியும் ஆறுதலாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

"நான் ஒருக்கா அனுப்புறன் அக்கா. பாருங்கோ" என்று, புத்தகத்தில் இருந்த வரியைத் தன் போனில் போட்டு அழுத்தினார்.

விளக்கு எரிந்தது. அதே மங்கல், அதே நிறைவு.

கத்தரின் விளக்கைப் பார்க்கவில்லை. அவருடைய பெருவிரலைப் பார்த்தாள்.

"அப்ப அவர் இல்லையோ."

"அண்ணை இல்லை அக்கா."

"ஒருக்காவும் இல்லையோ? சகல ஆன்மாக்களின்ரை நாளிலயும்?"

சுபாஸ்கரன் தலை குனிந்தார்.

"நீர் ஏன் வந்தனீர்?" என்றாள் கத்தரின். "எனக்கு இதை ஆர் சொல்லச் சொன்னது? அந்த மனுசன் வேதனைப்படுறார் எண்டாலும் என்னட்டைக் கேக்கிறார் எண்டு இருந்தன். அதையும் பறிச்சுப் போட்டீர். கொண்டு போம் உம்மடை புத்தகத்தை."

"அக்கா, செபம் வீணாப் போறேல்லை" என்று பிறேமினி அவளுடைய தோளைத் தொட்டாள். கத்தரின் கையைத் தட்டிவிட்டாள். விளக்கு எரிந்து முடித்து அணைந்தது. சுபாஸ்கரன் போக எழும்பவில்லை. திட்டு வாங்க ஓர் ஆள் அந்த வீட்டில் வேண்டியிருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியே வெளிச்சம் போனது. கீழே கடை வாசலில் பிள்ளைகளின் சத்தம். சனிக்கிழமையிலும் அவர்களுக்கு அந்த வாசல்தான். யாரும் லைற்றைப் போடவில்லை. அப்போது விளக்கு மறுபடி எரிந்தது.

"இது ஆர்?" என்றாள் பிறேமினி.

சுபாஸ்கரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். போன் துடிக்கவில்லை.

"அங்கிள், இந்த நேரம் எவ்றி டே எரியுது" என்றாள் ஜெனோஜா. "ஒரு நாளும் மிஸ் பண்ணினதில்லை."

அவர் வந்திருந்த கடிதங்களை எல்லாம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இந்த நேரத்துக்கு ஒரு கடிதமும் இல்லை. மற்றாக்கள் ஒருக்கா ரெண்டு தரம் பாத்திட்டு எழுதியிருக்கினம். இந்த ஆள் எழுதவேயில்லை."

"எங்க இருக்கிற ஆள்?"

"அறிய வழி இல்லை அக்கா."

கத்தரின் விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். "ஒவ்வொரு நாளும் வந்து, எரியேல்லை எண்டு பாத்திட்டு, ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாமல் போகுதோ அந்தச் சீவன்?"

"அப்பிடித்தான் போல."

"தன்ரை பிழை எண்டு நினைக்குதாக்கும்."

இருட்டு அறையில் அந்தச் சின்ன வெளிச்சம் மட்டும் இருந்தது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், முகம் தெரியாத ஒருவர், தன் முன்னால் எரியாமல் கிடக்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டு அதே நேரத்தில் இருப்பது, அங்கிருந்த நால்வருக்கும் முதுகில் பட்டது. இறந்தவரை நினைத்துப் பயந்ததைவிட அது கூடுதலாகக் குளிர்ந்தது. கத்தரின் கதிரையின் கையைப் பிடித்து இறங்கி முழந்தாளிட்டாள். இந்த முறை அருள்நேசனின் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்ல ஒரு பெயரும் இருக்கவில்லை.

பிறகு, "கடிதங்களை வாசியும் தம்பி" என்றாள்.

அவர் வாசித்தார். கட்டிலை விட்டு எழும்ப முடியாத தகப்பனுக்காகச் செய்ய முயன்ற ஒருவர். 'எனக்குப் படிப்புக் குறைவு, அதுதான் பிழைக்கிறதோ தெரியாது' என்று ஒருவர். 'மகள் சிரிக்கிறாள்' என்று ஒருவர். கத்தரின் "பாவங்கள், பாவங்கள்" என்றாள்.

"அப்ப இனி நீங்கள் சாப்பிடலாம் தானே அக்கா" என்றாள் பிறேமினி. "விசயம் விளங்கீட்டுது."

"நேர்ந்தது நேர்ந்ததுதான். தானா நிக்கிற மட்டும் எண்டு சொன்னனான்."

"அம்மா! சீரியஸா?" ஜெனோஜாவுக்கு அழுகை வந்தது. "அங்கிள் இப்பவே இந்த வீட்டு விலாசத்தை மாத்திவிட்டா நிண்டிடும்."

"நாங்கள் மாத்தினா அது தானா நிண்டதோ? இஞ்சை நிண்டிடும் பிள்ளை. அங்கை எரியுமோ?" சுபாஸ்கரனைப் பார்த்தாள். "திருத்தம் போடுமன்."

"முதலாந் தேதி இதழில கட்டாயம் போடுவன் அக்கா."

"முதலாந் தேதி வரைக்கும் அந்த ஆள் ஒவ்வொரு நாளும் இருட்டுக்குள்ள இருக்கிறதோ? உங்கடை புத்தகம் ஒருக்கா தேதி தப்பி வந்தா உலகம் அழிஞ்சு போமோ?"

சுபாஸ்கரன் தலையைச் சொறிந்தார். "நாளைக்கே போடலாம். ஆனா திருத்தம் எண்டா கட்டுரை எழுதினவர்தான் எழுதவேணும். அது எங்கடை வழக்கம்."

"எழுதினவர் இல்லை. நான் எழுதுறன்."

"நீங்களோ?"

"வீட்டில நடந்ததைத்தானே எழுத வேணும் எண்டுறியள்? என்ரை வீட்டில நடந்தது இது."

ஜெனோஜா தட்ட, கத்தரின் சொன்னாள். கன்ரீனில் சாமான் சொல்லி எழுதுவிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பேச்சில் இருந்ததை ஜெனோஜாவுக்கு எழுத்துத் தமிழில் போட வரவில்லை, சுபாஸ்கரன் உதவினார். மறுநாள் ஞாயிறு பூசை முடிகிற நேரம் அது இதழின் பக்கத்தில் வந்தது.

'அருள்நேசன் எழுதிய கட்டுரையில் இருக்கும் விலாசம் எங்கள் வீட்டு விலாசம். அதை எடுத்துவிட்டு உங்கள் வீட்டு விலாசத்தைப் போடுங்கள். நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை. நீங்கள் ஏற்றிய எல்லா விளக்கும் எரிந்தது. இங்கே எரிந்தது. நான் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் லண்டனில் பொழுது படுகிற நேரம் ஏற்றிப் பார்க்கிற ஒருவர் இருக்கிறீர்கள். உங்களுக்காக மன்றாடுகிறேன். இனி உங்கள் வீட்டில் எரியட்டும். கத்தரின் அருள்நேசன், ஸ்ட்ரெதம்.'

விளக்கு எரிவது குறைந்தது. காலையில் எரிந்தது நின்றது. மத்தியானத்தில் எரிந்தது நின்றது. எரிந்துவிட்டது என்று சந்தோசக் கடிதங்கள் சுபாஸ்கரனுக்கு வரத் தொடங்கின. அவர் ஒவ்வொன்றையும் ஜெனோஜாவுக்கு அனுப்பினார். ஆனால் பொழுது படுகிற நேரத்து விளக்கு மட்டும் நிற்கவில்லை. திங்கள் எரிந்தது. செவ்வாய் எரிந்தது. அந்த ஆள் திருத்தத்தைக் காணவில்லை. காணமாட்டாரோ? இணையத்தை விட்டுவிட்டு, முதலில் எடுத்து வைத்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ? வேறு யாரும் இல்லாத ஒருவரோ? கத்தரின் இதையெல்லாம் ஜெனோஜாவிடம் கேட்டாள். ஜெனோஜாவுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது அம்மாவின் சீனி அளவு மட்டும்தான். அது நாளுக்கு நாள் இறங்கியது. புதன்கிழமை கத்தரின் எழும்பும்போது சுவரைப் பிடித்தாள்.

வியாழக்கிழமை ஜெனோஜா வேலையில் இருந்து நேரத்தோடு வந்துவிட்டாள். கத்தரின் குசினியில் தேத்தண்ணிக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஜெனோஜா சுரூபத்தின் அடியில் குனிந்து ப்ளக்கில் கையை வைத்தாள். ஒரு இழுப்பு. அம்மாவுக்குத் தெரியவராது. நின்றுவிட்டது என்று நினைத்து இன்றைக்கே சாப்பிடுவா. அதில் என்ன பாவம்?

அவளுடைய கைக்கு மேலே விளக்கு எரிந்தது.

வயருக்குள்ளால் ஒன்றும் கையில் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். என்றாலும், மறு நுனியை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இழுத்தால் அந்தக் கை வெறுங்கையாகும். அவள் ப்ளக்கை விட்டாள். குசினியில் இருந்து வந்த கத்தரினோடு, சின்ன வயதுக்குப் பிறகு முதல் தடவையாக, தானும் முழந்தாளிட்டாள்.

"உனக்குச் சொல்ல ஞாபகம் இருக்கோ?"

"நீங்கள் சொல்லுங்கோ. நான் பின்னால வாறன்."

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. பிறேமினி கன்ரீன் வேலை முடிந்து நேரே வந்தாள். சோறும் மீன் குழம்பும் சொதியும் ஆக்கி மூடி வைத்தாள். யாருக்கு என்று கேட்டதற்கு, "புறாவுக்கு" என்றாள். பள்ளிக்கூடம் விட்டது. கடை வாசல் நிரம்பியது. மூவரும் இருந்தார்கள்.

வெளிச்சம் போனது.

விளக்கு எரியவில்லை.

ஜெனோஜா எழும்பி லைற் சுவிச்சில் கையை வைத்தாள். "கொஞ்சம் பொறு" என்றாள் கத்தரின். கடை வாசலில் சத்தம் குறைந்து, பிள்ளைகள் கலைந்துபோனார்கள். மாதாவின் முகம் தெரியவில்லை. கிண்ணம் தெரியவில்லை. அவ்வளவு நாளும் வீட்டுக்குள் வந்துபோன ஒருவர் சொல்லாமல் எழும்பிப் போன இருட்டு அது.

"ப்ளக் இருக்கோ பார் பிள்ளை."

ஜெனோஜா தடவிப் பார்த்தாள். "இருக்கு அம்மா. நான் தொடேல்லை."

"வைஃபை?"

"அதுவும் இருக்கு." நிமிர்ந்து அவளே சொன்னாள். "விட்டிட்டுப் போயிருக்கலாம் அம்மா. வெறுத்துப் போய்."

"இருக்கலாம்."

"அந்த ஆளுக்கு ஏதும் நடந்தும்..."

"அதுவும் இருக்கலாம். எங்களுக்கு ஒருக்காலும் தெரிய வராது." இருட்டுக்குள் மணிகள் உரசும் சத்தம் கேட்டது. "அங்கை எரிஞ்சிட்டுது எண்டு நான் விசுவசிக்கிறன்."

பிறேமினி மூக்கை உறிஞ்சினாள். கத்தரின் கீழே இறங்கி முழந்தாளிட்டு, வெளிச்சம் இல்லாமலே பத்து மணிகளையும் ஆறுதலாகச் சொன்னாள். அருள்நேசனுக்கு ஒன்று சொன்னாள். பெயர் தெரியாதவருக்கு ஒன்பது சொன்னாள். முடித்துவிட்டு மகளின் தோளைப் பிடித்து எழும்பினாள்.

"லைற்றைப் போடு பிள்ளை. பிறேமினி, சோத்தைப் போடு. பசிக்குது."